குழாய்க் கிடங்கில் பதினைந்து பேர்

1

“இந்தத் தாளை எழுதினவன் ஒரு நாளாவது ஷெல்லைக் கண்டவனோ, தங்கச்சி?”

தவமலர் அக்கா இப்படிக் கேட்டதும் சாப்பாட்டு மண்டபத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆங்கிலத்தில் வந்த பாதுகாப்பு அறிவுறுத்தலைத் தமிழில் எழுதி, எழுத்துப் பிழை பார்த்து, ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியவள் நான்தான். சைரன் ஒலித்தால் கட்டடத்துக்குள்ளேயே இருக்கவும். சன்னல்களை விட்டு விலகி நிற்கவும். எக்காரணம் கொண்டும் வெளியே செல்லக் கூடாது. மூன்றே வரி.

“நான்தான் எழுதினனான்” என்றேன்.

“அப்ப கண்ட ஆள்தானே நீங்கள். கண்ட ஆளே எங்களை வீட்டுக்குள்ள இருக்கச் சொல்லுறியளோ?”

“இது வேற நாடு அக்கா. இஞ்ச ஆரும் எங்களுக்கு அடிக்கேல்லை. ஈரானும் இஸ்ரேலும் அடிபட்டால் அவையளின்ர சாமான் எங்களுக்கு மேலால போகும், அவ்வளவுதான்.”

“எங்களுக்கும் முதல் அப்பிடித்தான் சொன்னவை” என்று சொல்லிவிட்டு, அவர் தேநீர்க் கோப்பையைக் கழுவப் போனார்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை சைரன் ஒலித்தது. வருகிற வெள்ளியோடு அதற்கு ஒரு வருடம்.

2

நான் இருப்பது ஜோர்தானில். அம்மான் நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் போனால் பாலைநிலத்தின் ஓரமாக ஒரு தொழிற்பேட்டை வரும். அங்கே அமெரிக்காவில் ஓடுகிறவர்களும் பந்தடிக்கிறவர்களும் போடும் உடுப்புகளைத் தைக்கிறோம். தைப்பவர்கள் வங்காளதேசம், நேபாளம், இலங்கை. எங்கள் ஆலையில் இலங்கைப் பெண்கள் நூறுக்கு மேல். அவர்களில் முப்பது பேரளவில் வன்னிப் பிள்ளைகள். போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் திறந்த ஆடை ஆலைகளில் தொழில் பழகி இங்கே வந்தவர்கள்.

நான் தைப்பதில்லை. என் அறைக் கதவில் ஆங்கிலத்திலும் அரபியிலும் ‘நலன்புரி உத்தியோகத்தர்’ என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே என் பெயர், அதோடு அப்பாவின் பெயர். அப்பாவுக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது. படமெடுத்து அனுப்பினேன். அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு போய் வாசிப்பித்துக் கேட்டாராம். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து கலவரத்துக்குப் பயந்து ஓடிவந்து, உருத்திரபுரத்தில் மற்றவர்களுடைய வயலில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் கால்களை நனைத்தது. காணி எங்களுடையதாக இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். மூன்று மொழியில் எழுதுவேன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் நெஞ்சு நிமிரும், மறைக்க மாட்டேன்.

என் வேலை முழுவதும் தாள்கள்தான். வதிவிட அனுமதி, மருத்துவ அட்டை, விடுமுறை விண்ணப்பம், விடுதியில் யாருடைய குளியலறைக் கதவு பூட்டவில்லை என்ற முறைப்பாடு. ஒரு தாளுக்கு நான்கு கையெழுத்து, இரண்டு முத்திரை. ஒரு பெண் பல்வலி என்று வந்தால், அந்த வலி என் மேசையில் முதலில் ஆங்கிலமாகி, பிறகு அரபியாகி, பிறகுதான் வைத்தியரிடம் போகும்.

போன வருடம் அந்த வெள்ளிக்கிழமை விடியும்போது, ஈரானை இஸ்ரேல் நேரடியாக அடித்துவிட்டது என்ற செய்தி வந்தது. அதுவரை பல வருடங்களாக இரண்டு நாடுகளும் லெபனானிலும் சிரியாவிலும் யேமனிலும் பெரும்பாலும் மற்றவர்களுடைய பிள்ளைகளை வைத்தே மோதிக்கொண்டிருந்தன. இடையில் ஒன்றிரண்டு முறை நேரடியாகவும் அடித்துப் பார்த்தன. இந்தமுறை நிற்காது என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் ஜோர்தானின் வானம் இருக்கிறது. அதற்குள்ளால் போகிறவற்றை இந்த நாடும் சுட்டு விழுத்தும்.

வன்னியில் எந்தக் குழந்தைக்கும் ‘கிபிர்’ என்றால் தெரியும். குண்டு போடுகிற விமானத்துக்கு அதுதான் பெயர். நாங்கள் அதைத் தமிழ்ச் சொல் என்றே நினைத்திருந்தோம். அது இஸ்ரேல் செய்து இலங்கை அரசாங்கத்துக்கு விற்ற விமானம் என்பதை நான் உயர்தரம் படிக்கும்போதுதான் அறிந்தேன். அதே காலத்தில் அதே அரசாங்கத்துக்கு எண்ணெய் கொடுத்து உதவியது ஈரான் என்பதை இங்கே வந்த பிறகு வாசித்தேன். ஒன்றையொன்று அழிக்க நிற்கிற இரண்டு நாடுகளும் எங்கள் விடயத்தில் ஒரே பக்கம் நின்றிருக்கின்றன. இதை யாரிடமும் கோபமாகச் சொல்லத் தெரியவில்லை. எங்களைப் பற்றி அவர்கள் நினைத்தே இருக்க மாட்டார்கள்.

3

வெள்ளி எங்களுக்கு விடுமுறை. காலையில் பெண்கள் தலை முழுகிவிட்டு விடுதியின் பின் முற்றத்தில் ஈரத் தலையோடு நின்றார்கள். முற்றத்தின் ஓரத்தில் கழிவுநீர்க் குழாய் பதிக்க நீளமாக ஒரு பள்ளம், எங்கள் பேச்சில் கிடங்கு, வெட்டியிருந்தது. இடுப்பளவு ஆழம். குழாய்களில் பாதியை இறக்கிவிட்டு, மீதியை விளிம்பில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

தவமலர் அக்கா செய்தி கேட்டவுடனே அந்தக் கிடங்கைப் போய்ப் பார்த்திருக்கிறார். யார் எந்தப் பக்கத்தால் இறங்குவது, யாருக்குப் பின்னால் யார் என்று வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் வைத்திருக்கிறார். எனக்கு மட்டும் சொல்லவில்லை. நான் உத்தியோகத்தர்.

சைரன் ஒலித்தபோது நான் பதிவேட்டோடு விடுதியின் வாசலில் நின்றேன். வங்காளதேசப் பெண்கள் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார்கள், படம் பிடிக்க. எதிர்க் கட்டடத்தின் மாடியிலும் ஆட்கள் நின்று வானத்தைக் காட்டிக் கதைத்தார்கள். “உள்ளுக்குப் போங்கோ, எல்லாரும் உள்ளுக்கு” என்று நான் சொல்லத் தொடங்கினேன். அந்த வசனத்தை முடித்தேனா என்று இன்றைக்கும் தெரியாது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, என் கன்னம் மண்ணில் இருந்ததும், யாரோ ஒருத்தியின் ஈரக் கூந்தல் என் கழுத்தில் கிடந்ததும்தான். என் பின்தலையை ஒரு கை அமத்திப் பிடித்திருந்தது.

“தலையைத் தூக்காதேங்கோ தங்கச்சி. வாயைத் திறந்து வைச்சிருங்கோ, காது அடைக்கும்.”

தவமலர் அக்காவின் குரல். அவருக்கு அந்தப் பக்கம் இன்னும் பலர் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். ஒருத்தியும் கத்தவில்லை. எல்லோருக்கும் பழகிய வேலைபோல இருந்தது.

பழகிய வேலைதான். எனக்கு ஒன்பது வயதில் போரின் கடைசி மாதங்கள். நகர்ந்து நகர்ந்து போன ஒவ்வொரு இடத்திலும் அப்பா முதலில் கிடங்கு வெட்டினார், பிறகுதான் அடுப்பு மூட்டினோம். மூடுவதற்குப் பனங்குற்றி கிடைக்காமல் போனபோது சனம் சீலைகளை மூட்டைகளாகத் தைத்து மண் நிரப்பியது. அம்மாவின் கூறைச்சீலையும் அப்படிப் போனது. தவமலர் அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. ஒரு கைமெசினை வைத்துக்கொண்டு பார்க்கிற சனத்துக்கெல்லாம் சீலையை மூட்டையாகத் தைத்துக் கொடுத்தாராம். “நான் தையல் பழகினது அதிலதான். மண் சிந்தாமல் தைக்க வேணும், அதுதான் ஒரே சோதினை” என்று ஒருமுறை சொன்னார். இங்கே அவருடைய லைனில் அவரைவிட வேகமாகத் தைப்பவர் இருக்கவில்லை.

வன்னியில் ஷெல் விழத் தொடங்கினால் நாங்கள் கல்வீட்டை விட்டு ஓடி வெளியே வருவோம். கூரையும் சுவரும் மேலே விழுந்துதான் பலர் போனார்கள். மண்ணுக்குள் கிடந்தவர்கள்தான் மிஞ்சினார்கள். இங்கே நிலைமை நேர்மாறு. வானத்தில் உடைபட்டு விழும் துண்டுகளிலிருந்து கூரை காக்கும். மூடாத கிடங்கு காக்காது. அன்றைக்கு ஒரு துண்டு ஆலைக்கு அப்பால் இருந்த வெறுங்காணியில் விழுந்தது. ஆகவே நான் ஒட்டிய தாள் சொன்னதுதான் சரி. எங்களைக் காப்பாற்றிய பழக்கமே எங்களைப் பிழையான இடத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

அந்தத் துண்டு விழுந்த அதிர்வில் கிடங்கின் ஒரு பக்கம் சரிந்தது. விளிம்பில் இருந்த குழாய் ஒன்று உருண்டு ரஜனி என்ற பிள்ளையின் கணுக்காலில் விழுந்தது. அவள் கத்தியபோதுதான் நான் யாரென்பது எனக்கு நினைவுக்கு வந்தது. எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, மண்ணில் கிடந்த பதிவேட்டை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். முகத்தைக் கழுவினேன். பிறகு திரும்பி வந்து, மேலே நின்றபடி, கிடங்கில் இருந்தவர்களை எண்ணினேன்.

பதினான்கு பேர்.

4

ஆட்பல முகாமையாளர் ஹனான், ஜோர்தான் பெண். கெட்டவர் அல்லர். ரஜனியைத் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். ஆனால் ஒருத்திக்கு எலும்பு முறிந்திருக்கிறது, ஒட்டிய அறிவுறுத்தலை மீறியிருக்கிறார்கள்; மேலிடத்துக்கு ஒரு காரணம் எழுத வேண்டும். விபத்து அறிக்கையை என்னிடம் கேட்டார். ‘பதினான்கு தொழிலாளர்கள் கட்டடத்தை விட்டு வெளியேறினர்’ என்று எழுதினேன். பெயர்களையும் வரிசையாக எழுதினேன்.

பயத்தில்தான் என் பெயரை விட்டேன் என்று எழுதினால் எனக்கு வசதி. பயத்தைவிடப் பெருமைதான் கூட இருந்தது. பெயர் எழுதிய அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவள் சைரன் கேட்டுக் கிடங்குக்குள் பாய்ந்தாள் என்று ஹனான் அறிவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை. ஹனான் ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்க வேண்டும், பதிலை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் கதிரையில் தவமலர் அக்கா. கைகளை மடியில் வைத்திருந்தார்.

“வெளியில போக முடிவெடுத்தது ஆர்?”

“ஒருத்தரும் முடிவெடுக்கேல்லை. கால் போனது.”

“இறங்கிற இடமெல்லாம் நீங்கள்தான் முதலே சொல்லி வைச்சதாம்.”

“ஓம். சொல்லாமல் விட்டால் ஒருத்திக்கு மேல ஒருத்தி விழுவாளவை.”

ஹனான் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வியை நான் தமிழில் சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது.

“கிடங்குக்குள்ள எத்தினை பேர் இருந்தவை?”

தவமலர் அக்கா முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருக்கலாம். மற்ற பதின்மூன்று பேரும் சாட்சி.

“நீங்கள் எண்ணி எழுதினனியள் தானே, மிஸ். அதையே சொல்லுங்கோ.”

அதுவரை அவர் என்னை ‘மிஸ்’ என்று கூப்பிட்டதில்லை. நான் ஹனானிடம் பதினான்கு என்றேன்.

அடுத்த நாள் அவரை ஆலையின் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். அவரிடம் ஒரு படிவம் இருந்தது. கேள்விக்கு எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பெட்டிகள், வேறு இடம் இல்லை. மற்றவர்களுக்குக் கேட்காத சத்தங்கள் உங்களுக்குக் கேட்பதுண்டா என்று ஒரு கேள்வி.

“ஓம்,” என்றார் தவமலர் அக்கா. “பிளேன் வரேக்க எல்லாருக்கும் முதல் எனக்குத்தான் கேக்கும். அந்த நேரம் எங்கட பக்கத்துச் சின்னப் பிள்ளையள் எல்லாத்துக்கும் நான்தான் சொல்லி விடுறனான். அதாலதான் கொஞ்சப் பேர் தப்பினது.”

வைத்தியர் பேனையோடு என் முகத்தைப் பார்த்தார். வெளியே வரிசை நின்றது. “ஆம் என்கிறார்” என்றேன். அவர் பெட்டியில் சரி போட்டார்.

மூடியிருந்த வான்வழியைத் திறந்து விமானங்கள் பறக்கத் தொடங்கிய வாரத்திலேயே தவமலர் அக்காவை அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கடிதத்தில் காரணம் ‘மனநலம்’. பஸ் வாசலில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு “போட்டு வாறன் மிஸ்” என்றார். மற்றப் பிள்ளைகள் அழுதார்கள். நான் அவருடைய கடவுச்சீட்டைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன், ஏற்கெனவே இரண்டு தரம் சரிபார்த்த கடவுச்சீட்டை.

5

இரண்டு வாரத்துக்கு முன் ஊரிலிருந்து புதிதாக ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். அதே மண்டபத்தில் அதே தாளை அவர்களுக்கு வாசித்தேன். ஒரு வருடத்தில் அதில் ஒரு சொல்லும் மாறவில்லை. வாசித்து முடிய, செட்டிகுளத்திலிருந்து வந்த ஒருத்தி கையை உயர்த்தினாள். இருபது வயதுதான் இருக்கும்.

“மிஸ், முந்தி இஞ்ச ஒரு அக்காவுக்கு விசர் வந்து, பிள்ளையளைக் கிடங்குக்குள்ள தள்ளி விழுத்தினவவாம், உண்மையோ?”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும்தான் சொல்லினம். ஒபிஸ் ஃபைலிலயும் அப்பிடித்தான் இருக்காமே.”

பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளினாள். “உனக்கேன் அந்தக் கதை? நீயும் விசரியாகப் போறியோ?” இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பழைய பிள்ளைகள் ஊருக்குப் போகப் போக, நடந்ததைக் கண்டவர்கள் இங்கே குறைந்துகொண்டு வருகிறார்கள். கோப்புத்தான் மிஞ்சும். அந்தக் கோப்பு என் கையெழுத்து.

அன்று வேலை முடிந்ததும் தவமலர் அக்காவுக்கு அழைத்தேன். ஒரு வருடத்தில் முதல் தரம். எண் மாறியிருக்குமோ என்று நினைத்தேன், மாறியிருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். எடுத்தார். பின்னால் தையல் மெசின் ஓடும் சத்தம் கேட்டது. முள்ளியவளையில் வீட்டில் இருந்து பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறாராம்.

“என்ன திடீரெண்டு? அங்க திரும்பவும் அடிபாடு தொடங்கிட்டுதோ?”

“இல்லையக்கா. சும்மாதான் எடுத்தனான்.”

“சும்மா எடுக்கிற ஆள் இல்லையே நீங்கள்.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். வேறொரு நாட்டுத் தையல் ஆலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். தையல் சோதினையில் முதலாவதாக வந்திருக்கிறார். கடைசியாக வேலை செய்த இடத்துக் கடிதத்தைக் கேட்டிருக்கிறார்கள். கடிதத்தைப் பார்த்த ஏஜன்சிக்காரப் பெடியன், “இதோட எந்த நாடும் எடுக்காது அக்கா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டானாம். இந்த மாதம் முடியுமுன் வேறு கடிதம் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்று ஒரு தவணை. மகள் அடுத்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள்.

“அவள் என்னட்டக் கேட்டவள், அம்மா உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு. கடிதத்தை வாசிச்சுப் போட்டாள். நாங்கள் கஷ்டப்பட்டுப் படிப்பிக்கிறம், அதுகள் எங்கட கடிதத்தைத்தான் முதல்ல வாசிக்குதுகள்,” என்று சிரித்தார்.

என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

6

நான்கு நாட்கள் எடுத்து எழுதினேன். நான் எழுதியதிலேயே நீளமான தாள் அதுதான், ஆங்கிலத்தில் மூன்று பக்கம். சென்ற வருட விபத்து அறிக்கையில் ஒரு பெயர் விடுபட்டுள்ளது என்று தொடங்கினேன். கிடங்கில் இருந்தவர்கள் பதினைந்து பேர். பெயர்களை இந்தமுறை படுத்திருந்த ஒழுங்கில் எழுதினேன். அதில் தவமலர் அக்காவுக்கும் ரஜனிக்கும் நடுவில் என் பெயர் வருகிறது. அறிவுறுத்தலை எழுதியவளே அதை மீறினாள் என்றும், யாரும் தள்ளவில்லை, நானாகவே போனேன் என்றும் எழுதினேன்.

பிறகு, வன்னியில் வளர்ந்தவர்கள் ஏன் கூரையை விட்டு மண்ணுக்கு ஓடுவார்கள் என்று ஒரு பக்கம். இதை ஒரு வெளிநாட்டு முகாமையாளருக்குப் புரியும்படி எழுதுவது கடினமாக இருந்தது. கண்ணீர் வராத மாதிரி எழுத வேண்டும், இல்லாவிட்டால் என்னையும் வைத்தியரிடம் அனுப்புவார்கள். கடைசிப் பக்கத்தில், வைத்தியரின் கேள்விக்குத் தவமலர் அக்கா சொன்ன பதிலை முழுவதுமாக எழுதி, அன்றைக்கு நான் அதில் ஒரு சொல்லை மட்டுமே மொழிபெயர்த்தேன் என்று எழுதினேன். படிவத்தைத் திருத்தி, புதிய கடிதம் கொடுக்கும்படி கேட்டேன். தொழில் அலுவலகத்துக்கும் எங்கள் தூதரகத்தின் தொழிற் பிரிவுக்கும் பிரதிகள்.

அறிக்கையைப் பொய்யாக எழுதிய உத்தியோகத்தரை என்ன செய்யலாம் என்று ஆலையின் ஒழுக்க விதியில் இருக்கிறது. அந்த விதியைத் தமிழாக்கியவளும் நான்தான், ஆகவே எனக்குத் தெரியும். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. கதவைப் படமெடுத்து அனுப்பியது போல இதைப் படமெடுத்து அனுப்ப முடியாது. சொல்லத்தான் வேண்டும்.

இன்று பின்னேரம் தவமலர் அக்காவுக்கு அழைத்து, மூன்று பக்கத்தையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். வைத்தியரிடம் அவர் சொன்ன பதில் வந்த இடத்தில் மெசின் சத்தம் நின்றது.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறியள். ஆனா அதைக் குடுக்காதேங்கோ தங்கச்சி.”

“ஏனக்கா?”

“உங்களையும் பிளேனில ஏத்தி விடுவாங்கள். பிறகு ரெண்டு விசரியளும் முள்ளியவளையில இருந்து பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறதோ? உங்களுக்கு ஊசியில நூல் கோக்கவும் தெரியாது. எனக்கு வேற வழி பாக்கலாம். அந்தத் தாளை மேசைக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ, நான் சொல்லுறன்.”

“குடுத்திட்டன் அக்கா.”

“எப்ப?”

“காலமை. என்ர பிரதியில முத்திரையும் குத்தி வாங்கிட்டன்.”